குடல் மாற்று அறுவை முடிந்து ஒன்பது வாரம்: கணவரின் ரத்தத்தில் கொடையாளரின் செல்கள் இருக்கின்றனவாம், பயப்பட வேண்டுமா?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் கணவருக்கு 38 வயது. போன வருடம் குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தம் கட்டி அடைத்துக்கொண்டது. சாதாரண வயிற்றுவலி என்று நினைத்து ஒரு நாள் தள்ளிப்போட்டோம், மறுநாள் திறந்து பார்த்தபோது சிறுகுடலில் பெரும்பகுதி கறுத்துப்போயிருந்தது. வெட்டி எடுத்த பிறகு கிட்டத்தட்ட ஒரு வருடம் டிபிஎன்தான், அதாவது சாப்பாடு முழுக்க ரத்த நாளத்தில் போட்ட குழாய் வழியாக. அந்தக் குழாயில் மூன்று முறை தொற்று வந்து, மூன்றாவது முறை ஐசியூ வரை போனார். அப்புறம்தான் சென்னையில் குடல் மாற்று அறுவை செய்தார்கள். கொடுத்தவர் ஓர் இளைஞர் என்பது மட்டும் தெரியும். அந்தக் குடும்பத்தை நினைக்காத நாள் இல்லை.

இப்போது ஒன்பது வாரம் ஆகிறது. 24ஆம் நாள் எடுத்த பயாப்ஸியில், அதாவது குடலில் சின்னத் துணுக்கு எடுத்துச் செய்த சோதனையில், 'லேசான நிராகரிப்பு' (இவர் உடம்பு புதுக் குடலை எதிர்க்கிறது) என்று வந்து, மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள், சரியாகிவிட்டது. போன வாரம் மார்பிலும் கையிலும் தடிப்பு வந்தது. தோலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அதோடு சேர்த்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் 'கொடையாளரின் டி-செல்கள் இருக்கின்றன' என்று எழுதியிருந்தது. டி-செல் என்பது ஒரு வகை எதிர்ப்புச் செல்லாம். கேட்டதற்கு, "இரண்டு பக்கமும் செல்கள் போய் வரும், கவலைப்படாதீர்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை.

என் கேள்விகள் இவைதான். நம் உடம்பு அந்தக் குடலை எதிர்ப்பது புரிகிறது. அந்தக் குடலிலிருந்து செல்கள் கிளம்பி இவர் ரத்தத்துக்குள் எப்படி வந்தன, அவை இவரை எதிர்க்குமா? அப்புறம், இவர் நன்றாகத்தான் இருக்கிறார், இட்லி சாப்பிடுகிறார், நடக்கிறார். ஆனாலும் வாரம் ஒரு முறை ஸ்டோமா, அதாவது மலம் வெளியேற வயிற்றில் வைத்த துளை வழியாக ஸ்கோப் விட்டுத் துணுக்கு எடுக்கிறார்கள். "ரத்தத்திலேயே பார்க்க முடியாதா, எத்தனை தடவை குத்துவார்கள்" என்று இவர் சலித்துக்கொள்கிறார். நான் என்ன பதில் சொல்ல?

கண்ணாடித்தகடு எழுதியது:

சகோதரி, நான் நோய்க்கூறியல் மருத்துவர், அந்தத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்க்கும் ஆள். உங்கள் இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன், முதல் கேள்விக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு கிரியாட்டினின் என்று ஒரு எண் இருக்கிறது, ஏறினால் ஏதோ தப்பு என்று தெரிந்துவிடும். கல்லீரலுக்கு என்சைம்கள் இருக்கின்றன. குடலுக்கு அப்படி நம்பக்கூடிய ரத்த எண் எதுவும் இன்றுவரை இல்லை. சிட்ருலின் என்ற அமினோ அமிலத்தைப் பார்ப்பார்கள், குடல் உட்சவ்வு நன்றாக இருந்தால் அது ரத்தத்தில் நன்றாக இருக்கும். ஆனால் அது குறைந்தால் சவ்வு கெட்டிருக்கிறது என்றுதான் தெரியுமே தவிர, கெடுத்தது நிராகரிப்பா, ஒரு வைரஸா என்று தெரியாது. அதுவும் பெரும்பாலும் சேதம் நடந்த பிறகுதான் குறையும். அதனால்தான் அறுவையின்போதே ஸ்டோமா வைத்துவிடுகிறார்கள், அது மலம் வெளியேற மட்டும் அல்ல, நாங்கள் எட்டிப் பார்க்கும் ஜன்னலும் அதுதான்.

நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று சொன்னால் உங்கள் கணவருக்குக் கொஞ்சம் பொறுமை வரலாம். குடல் சவ்வில் விரல் போன்ற நீட்சிகள் இருக்கும், அவற்றின் அடியில் சின்னச் சின்னக் குழிகள். அந்தக் குழிகளில்தான் சவ்வைப் புதுப்பிக்கும் தாய்ச்செல்கள் இருக்கின்றன, நான்கைந்து நாளுக்கு ஒரு முறை மேல்சவ்வு முழுக்க அங்கிருந்துதான் புதிதாக வருகிறது. நிராகரிப்பு தொடங்கும்போது, இவருடைய டி-செல்கள் முதலில் கைவைப்பது அந்தக் குழிகளில்தான். செல்கள் ஒவ்வொன்றாக உடைந்து கரும்புள்ளிகளாகத் தெரியும். அடுத்தடுத்த பத்துக் குழிகளில் ஆறு அல்லது அதற்கு மேல் அப்படிப்பட்ட புள்ளிகள் இருந்து, சுற்றிலும் அழற்சி செல்களும் இருந்தால் லேசான நிராகரிப்பு என்று எழுதுவோம். ஆறுக்குக் கீழே, ஆனால் இயல்பைவிட அதிகம் என்றால் 'உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்று எழுதிவிட்டு, இன்னொரு முறை எடுக்கச் சொல்வோம். இந்த அளவுகோலை 2003இல் வகுத்தார்கள், இன்றும் பல மையங்களில் இதுதான் வழக்கம்.

அந்தக் கட்டத்தில் நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது. ஸ்கோப்பில் பார்த்தால்கூட சவ்வு இளஞ்சிவப்பாக நன்றாகவே இருக்கும். நோயாளிக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிட்டால், அதாவது ஸ்டோமாவில் தண்ணீராகக் கொட்டி, காய்ச்சல், வலி என்று வந்தால், குழிகள் காலியாகத் தொடங்கியிருக்கலாம். குழி போய்விட்டால் சவ்வு உரிந்துவிடும், உரிந்த குடல் வழியாகக் கிருமிகள் நேராக ரத்தத்துக்குப் போகும். அந்தத் தகட்டைப் பார்ப்பது எனக்கு இன்றும் கஷ்டம். உங்கள் கணவருக்கு 24ஆம் நாளில் வெறும் ஸ்டீராய்டோடு முடிந்ததே, அது அவர் சலித்துக்கொள்ளும் அந்த ஸ்கோப்பால்தான். இன்னொன்று, நிராகரிப்பு திட்டுத்திட்டாக வரும். அதனால்தான் ஒரு துணுக்கோடு விடாமல் நாலைந்து இடத்தில் எடுக்கிறார்கள். கிள்ளுவதைக் குடல் சவ்வு வலியாக உணராது, அதனால் அந்தக் கிள்ளல் வலிக்காது, சங்கடம்தான் அதிகம்.

மூணாம்கிளாஸ்அப்பா எழுதியது:

தங்கச்சி, என் பையனுக்கு ஆறு வயதில் செய்தது, மூன்று வருடம் ஆகிறது. பிறந்த சில நாளிலேயே குடல் முறுக்கிக்கொண்டு போனது. டாக்டர் ஐயா சொன்னதை என் அனுபவத்தில் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

முதல் தடவை இரண்டாம் மாதம். ஸ்டோமா பையில் அவுட்புட் திடீரென்று இரண்டு மடங்கு ஆனது. நிராகரிப்பு என்றே முடிவு செய்து அழுதுகொண்டே கிளம்பினோம். போய்ப் பார்த்தால் நோரோ வைரஸ், வீட்டில் அக்காவுக்கும் வாந்தி இருந்தது. அன்றைக்கு ஒரு விஷயம் கற்றுக்கொண்டோம். வயிற்றுப்போக்கு வந்தால் டாக்ரோலிமஸ், அதாவது நிராகரிப்பைத் தடுக்கத் தினமும் கொடுக்கிற மருந்து, அதன் அளவு ரத்தத்தில் குறையும் என்றுதானே நினைப்போம், தலைகீழாக ஏறும். அந்த மருந்தைப் பாதியில் உடைத்துவிடும் வேலையைக் குடல் சவ்வுதான் செய்கிறது, சவ்வு நோஞ்சானாக இருந்தால் மருந்து அப்படியே உள்ளே போய்விடும். ஏறினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அதனால் வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டில் நீங்களாகவே மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், நேராகப் போய் அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் தடவை ஐந்தாம் மாதம். பையன் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான், எடை ஏறியிருந்தது, அவுட்புட் நார்மல். வழக்கமான ஸ்கோப்பில் மிதமான நிராகரிப்பு. நம்பவே முடியவில்லை. ஸ்டீராய்டுக்கு அடங்கவில்லை, டி-செல்களைக் குறைக்கிற ஊசி போட்டார்கள், பதினைந்து நாள் உள்ளே இருந்தோம். தப்பித்தான். அன்று முதல் ஸ்கோப் தேதியை நான் தள்ளிப்போட்டதே இல்லை, சொந்தத்தில் கல்யாணம் என்றாலும்.

ஒரு நோட்டுப் போட்டு தினமும் காலை எடை, ஒரு நாளைய அவுட்புட் எத்தனை மில்லி, காய்ச்சல், மருந்து சாப்பிட்ட நேரம், இவ்வளவும் எழுதுங்கள். பம்பளிமாஸ் பழம் வேண்டவே வேண்டாம், அதுவும் டாக்ரோலிமஸை ஏற்றிவிடும். ஊரிலிருந்து யாராவது கஷாயம், லேகியம் கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கொடுக்காதீர்கள்.

நிணநீர் எழுதியது:

அக்கா, நான் நோயெதிர்ப்பு ஆராய்ச்சியில் இருக்கிறேன், மருத்துவர் அல்ல. ஆகவே உங்கள் கணவருக்கு என்ன செய்யலாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, செல்கள் எப்படி நகர்கின்றன என்று மட்டும் சொல்கிறேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் பெரிய விஷயம் இருக்கிறது, அதை யாராவது உங்களிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

இதயமோ சிறுநீரகமோ வைக்கும்போது உள்ளே வரும் கொடையாளரின் எதிர்ப்புச் செல்கள் கொஞ்சம்தான். குடல் அப்படி இல்லை. நாம் சாப்பிடும் எல்லாவற்றோடும் கோடிக்கணக்கான கிருமிகளோடும் தினமும் குடித்தனம் நடத்துகிற உறுப்பு அது, அதனால் உடம்பின் எதிர்ப்புச் செல்களில் பெரும் பங்கு அதன் சவ்விலும், பேயர் திட்டுகள் எனும் எதிர்ப்புச் செல் கூட்டங்களிலும், குடலைத் தாங்கும் மடிப்பில் இருக்கும் நிணநீர்க் கணுக்களிலும்தான் இருக்கிறது. குடலை மாற்றும்போது இத்தனையும் சேர்ந்தே வருகிறது. ரத்தக் குழாயை இணைத்து கிளாம்ப்பை எடுத்ததும் இரண்டு பக்கமும் கதவு திறந்துவிடும். கொடையாளரின் செல்கள் வெளியே வருவது சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும், உங்கள் கணவரின் செல்கள் உள்ளே போவதும் அப்படித்தான். நிணநீர்க் குழாய்களை மட்டும் யாரும் தைப்பதில்லை, அவை அறுந்தபடி கிடந்து சில வாரங்களில் தானாக வளர்ந்து ஒட்டிக்கொள்ளும். சாப்பாட்டுக் கொழுப்பு அந்தக் குழாய்கள் வழியாகத்தான் போகும். முதல் வாரங்களில் கொழுப்பில்லாத சாப்பாடு கொடுத்திருப்பார்களே, அதற்கு இதுதான் காரணம்.

சரி, ரத்தத்தில் ஓடும் செல் குடலை எப்படிக் கண்டுபிடிக்கிறது? குடல் நிணநீர்க் கணுக்களில் இருக்கும் ஒரு வகைச் செல்கள் வைட்டமின் ஏ-யிலிருந்து ஒரு அமிலத்தைத் தயாரித்து, அங்கே பயிற்சி பெறும் டி-செல்களுக்குக் காட்டுகின்றன. அதைப் பார்த்த டி-செல் தன் மேல் ஆல்ஃபா4-பீட்டா7 என்ற ஒரு கொக்கியையும், சிசிஆர்9 என்ற மோப்பக் கருவியையும் போட்டுக்கொள்கிறது. குடலின் ரத்தக் குழாய்ச் சுவரில் அந்தக் கொக்கிக்கு ஏற்ற வளையம் இருக்கிறது, சிறுகுடல் சவ்விலிருந்து அந்த மூக்குக்கு ஏற்ற வாசனை வருகிறது. கடிதத்தில் பின்கோடு எழுதுவது மாதிரிதான். அந்தக் கொக்கியை அடைக்கும் வெடோலிசுமாப் என்ற மருந்து குடல் அழற்சி நோய்களுக்கு 2014 முதல் இருக்கிறது, மற்ற மருந்துக்கு அடங்காத நிராகரிப்பில் சில நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே உள்ளே போய்க் குடியேறிவிட்ட செல்லை அது வெளியே இழுக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். கொடையாளரின் டி-செல்கள் இவர் உடம்பைத் தாக்கினால் தோலில் தடிப்பு, வாய்ப்புண், ரத்த அணுக்கள் குறைவது என்று வரும். அப்படி ஒரு நோய் இருப்பது உண்மை, மற்ற உறுப்புகளைவிடக் குடல் மாற்றத்தில் அது அதிகம் என்பதும் உண்மை. தடிப்பைப் பார்த்ததும் உங்கள் மருத்துவர்கள் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்தது சரியான வேலை. ஆனால் ரத்தத்தில் கொடையாளரின் செல் இருப்பதும் அந்த நோயும் ஒன்றல்ல. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேகன் சைக்ஸ் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், குடல் மட்டும் மாற்றியவர்களும், குடலோடு மற்ற வயிற்று உறுப்புகளும் மாற்றியவர்களுமாக ஒன்பது பேரை ஒரு வருடம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். எட்டுப் பேர் ரத்தத்தில் கொடையாளரின் டி-செல்கள் இருந்தன. அந்தத் தாக்கும் நோய் வந்தது ஒரே ஒருவருக்கு. அதைவிட முக்கியம், சீக்கிரத்திலேயே மிதமான அல்லது கடுமையான நிராகரிப்பு வந்த நான்கு பேருக்கும் ரத்தத்தில் கொடையாளர் செல்கள் குறைவாக இருந்தன. ஒன்பது பேர் என்பது சின்ன எண்தான், அதை வைத்து உங்கள் கணவருக்கு நிராகரிப்பே வராது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரியைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம் என்று தைரியமாகச் சொல்வேன்.

அதே குழு 2016இல் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தது, அதற்குக் கைகொடுத்தவை உங்கள் கணவரிடம் எடுப்பது போன்ற ஸ்கோப் துணுக்குகள்தான். ஒவ்வொரு டி-செல்லுக்கும் தனித்த ஓர் அடையாளம் உண்டு, அதைப் படித்து, குடலுக்குள் இருக்கும் செல்களில் எவை கொடையாளருடையவை, எவை குடலைப் பெற்றுக்கொண்டவருடையவை, எவை எதிராளியைத் தாக்கக்கூடியவை என்று அவ்வப்போது எடுத்த துணுக்குகளில் பிரித்தார்கள். நிராகரிப்பு வந்தவர்களுக்கு, பெற்றவரின் தாக்கும் செல்கள் குடலுக்குள் கூட்டமாக வந்து, கொடையாளரின் பழைய எதிர்ப்புச் செல்கள் வேகமாகக் காலியாகியிருந்தன. நிராகரிப்பு வராதவர்களுக்கு மாற்றம் நிதானமாக நடந்தது, கொடையாளரின் எதிர்ப்புச் செல்கள் அங்கேயே நிலைத்து நின்றன. உள்ளே வருகிறவர்களை அவை கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அதாவது அக்கா, நீங்கள் பயந்த அதே செல்கள்தான் அந்தக் குடலைக் காவல் காக்கின்றன போலிருக்கிறது. இதைப் படித்த அன்று நான் ஆய்வகத்தில் எல்லோரிடமும் போய்ச் சொன்னேன்.

ஆனால் நிராகரிப்பு அடங்கிய பிறகும் அந்தத் தாக்கும் செல்கள் எல்லாம் போய்விடுவதில்லை. கொஞ்சம் அங்கேயே குடல்வாசியாகத் தங்கி அமைதியாக இருக்கும், இன்னொரு நிராகரிப்பில் மறுபடி முறைக்கும். அவை சும்மா இருப்பதற்கு மருந்தும் ஒரு காரணம். ஒரு வேளை மாத்திரை தவறினால் என்ன என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு முறை படித்தேன், அப்புறம் இவருக்கு வாசித்துக் காட்டினேன். குழிகளைப் பற்றி டாக்டர் எழுதியதை இன்னொரு முறை வாசி என்றார்.

இன்னும் ஒன்று கேட்கலாமா? இது மருத்துவக் கேள்வியே இல்லை என்றாலும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. செல்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்கிறீர்கள். அப்படியானால் கொஞ்ச காலத்தில் அந்தக் குடல் முழுக்க இவருடையதாகிவிடுமா, அந்தப் பிள்ளையுடையது எதுவும் மிச்சம் இருக்காதா?

நிணநீர் எழுதியது:

இருக்கும் அக்கா. டாக்டர் சொன்ன அந்தக் குழிகளில் இருக்கும் தாய்ச்செல்கள் கொடையாளருடையவை, அவை இடம் மாறுவதில்லை. நான்கைந்து நாளுக்கு ஒரு முறை புதிதாக வரும் சவ்வு ஒவ்வொன்றும் அந்தப் பிள்ளையின் சவ்வுதான், எத்தனை வருடம் ஆனாலும். இது 1991லேயே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரக் குழு காட்டியது: எதிர்ப்புச் செல்கள் மாறின, மேல்சவ்வு கொடையாளருடையதாகவே நின்றது.

எதிர்ப்புச் செல்களிலும் எல்லாமே போய்விடுவதில்லை. நார்வேயில் ஆஸ்லோவில், சர்க்கரை நோய்க்காகக் கணையத்தோடு சேர்த்து முன்சிறுகுடலையும் மாற்றியவர்களிடம் இதைப் பார்த்தார்கள். விழுங்கிச் செரிக்கும் பெருவிழுங்கிச் செல்களில் பெரும்பகுதி ஒரு வருடத்துக்குள் பெற்றவருடையதாக மாறிவிட்டது. ஆனால் கொடையாளரின் சிடி8 என்ற வகை டி-செல்களில் ஒரு பகுதி ஒரு வருடம் கழித்தும் அதே இடத்தில் இருந்தது. எதிர்ப்புப் பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்களிலும் அப்படித்தான், மாற்று செய்யாதவர்களின் குடலில் அந்த வகைச் செல்கள் பல பத்தாண்டுகள் உயிரோடு இருப்பதை 2017இல் அதே ஊர் ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தப் பிள்ளை சின்ன வயதில் எந்தெந்தக் கிருமியைச் சந்தித்தானோ, அதன் நினைவு கொஞ்சம் இப்போது உங்கள் கணவரின் வயிற்றில் இருக்கலாம்.

கண்ணாடித்தகடு எழுதியது:

ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த முறை பயாப்ஸி முடிவு வரும்போது 'நார்மல்', 'லேசானது' என்ற சொல்லோடு விடாமல், பத்துக் குழிக்கு எத்தனை என்று எழுதியிருந்தால் அந்த எண்ணையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து நான்கு, ஐந்து என்று ஏறினால் கேட்க வேண்டிய கேள்வி உங்களுக்கே தெரியும். கேட்பதற்குத் தயங்காதீர்கள், அந்த முடிவின் நகல் கேட்பது உங்கள் உரிமை.

வைகைக்கரை எழுதியது:

குறித்துக்கொண்டேன். கடைசிப் பதிலை இவருக்கு வாசித்தபோது ஒன்றும் பேசவில்லை, வயிற்றில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் "வியாழக்கிழமை ஸ்கோப் எத்தனை மணிக்கு" என்று அவராகவே கேட்டார். எட்டரைக்கு. முடிவு வந்ததும் எண்ணோடு இங்கே எழுதுகிறேன்.